நடுமுதுகில் ஒரு சிவப்புத் தையல்

பழுப்பு டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, பாண்டிமீனா கடைத் தரையைத் தட்டிக்கொண்டே வருகிறாள். ஜாக்கெட்டில் வைத்துத் தைக்கிற ஆரி வேலைப் பாசிகள் ஒவ்வொன்றாக டேப்பில் ஏறுகின்றன. தையல் மெஷினுக்கு அடியில், ஸ்டூல் காலுக்குப் பின்னால், நிலைப்படி இடுக்கில் எல்லாம் கை போகிறது. பெருக்கினால் பாசி உருண்டு ஒளிந்துகொள்ளுமாம். என் மைத்துனியின் கல்யாண ஜாக்கெட்டை வாங்க வந்து நான் நிற்பது அவள் கண்ணில் படவே இல்லை. "இருங்கண்ணே, பாப்பா முழிக்கிறதுக்குள்ள முடிச்சிட்டு வாரேன்" என்று தரைக்குத்தான் சொன்னாள்.

பாப்பா என்பது இரண்டு வயது தாண்டிய மகள் தன்ஷிகா. கடைக்குள்ளேயே சேலைத் தொட்டிலில் தூங்குகிறாள். காளவாசல் முக்கில் பஸ்கள் அடிக்கிற ஹாரன் அவளை ஒன்றும் செய்வதில்லை.

பாண்டிமீனாவின் பர்ஸில் ஓர் அட்டைக் குழல் இருக்கும். லைனிங் துணிச் சுருளின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தது. போகிற வீட்டிலெல்லாம் அதை எடுத்து, ரிமோட் பேட்டரி, பேனா மூடி, சில்லறை என்று உள்ளே போட்டுப் பார்ப்பாள். "இதுக்குள்ள போறது எதுவும் பாப்பா வாய்க்குள்ளயும் போகும்ணே." போனது எல்லாம் உடனே அலமாரி உச்சிக்குப் போய்விட வேண்டும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி திராட்சை கொடுத்தாள். இவள் கத்தி கேட்டு வாங்கி, ஒவ்வொரு பழத்தையும் நாலு கீற்றாக்கினாள். "குறுக்க வெட்டுனா உருண்டை உருண்டையாத்தான இருக்கும்? நெட்டுக்க வெட்டணும்க்கா." என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. உறவுக்காரர் விசேஷங்களிலும் இதே கதைதான். அடுத்தவர் பிள்ளையின் கையிலிருந்து வேர்க்கடலையைப் பிடுங்கி, "அஞ்சு வயசு ஆகட்டும்" என்பாள். இப்படிப்பட்டவளை யார் ஆசையாகக் கூப்பிடுவார்கள்? ஆனாலும் கூப்பிடுகிறார்கள், ஜாக்கெட் தைக்க வேறு ஆள் இல்லை.

அவள் கடையில் எனக்குப் பிடித்தது ஒரு துணிப் பொம்மை. வெட்டுத் துணியை அடைத்து அவளே தைத்தது. இரு தோள்பட்டைக்கும் நடுவில், முதுகில் சிவப்பு நூலால் வட்டம். உச்சந்தலையில் ஜரிகைக் கம்பி நுனிகளை முள் மாதிரி நீட்டவிட்டுத் தைத்திருக்கிறாள். பிள்ளைக்கு எட்டாத ஆணியில் தொங்கும். பாப்பாவைச் சற்று நேரம் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் பொம்மையை இறக்கிக் கையில் கொடுப்பாள். "இதுக்கு மூச்சடைச்சிருச்சு. என்ன செய்வீங்க?" பத்தில் ஒன்பது பேர் உச்சந்தலையில் தட்டிக் கையைக் குத்திக்கொள்வார்கள். நானும் குத்திக்கொண்டவன்தான்.

வேறென்ன செய்வோம்? பிள்ளைக்குப் புரையேறினால் நம் பக்கத்தில் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்து அழகர்கோவிலில் மொட்டை போட்ட அன்றும் அதுதான் நடந்தது. சந்தனம் பூசிய தலையோடு இருந்த பிள்ளையின் கையில் அப்பன் ராம்கி ஒரு தேங்காய்ச் சில்லைக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. "அம்மாச்சி நினைக்குதுடா தங்கம்" என்று ராம்கி சிரித்துக்கொண்டே தலையில் தட்டினான். அத்தை தட்டினாள், மாமன் தட்டினான், பாண்டிமீனாவும் தட்டினாள். உதடு நீலமாகிவிட்டது. பக்கத்தில் தன் பிள்ளையின் மொட்டைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பிள்ளையைப் பிடுங்கித் தொடையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, நடுமுதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஓங்கித் தட்டினாள். சில்லு வந்து விழுந்தது. பிள்ளை வீறிட்டது. பெயர் கேட்பதற்குள் அந்தப் பெண் தன் பிள்ளையைத் தேடிப் போய்விட்டாள்.

"அம்புட்டுப் பேர் கையிலயும் சந்தனம்ணே. எங்கையிலயும். வீட்டுக்கு வந்து கவுனக் கழட்டுறேன், முதுகுல ஒரே ஒரு சந்தனக் கை. அந்தக்கா கை." பொம்மையின் சிவப்பு வட்டம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது மட்டும் பாண்டிமீனா ஊசியைக் கீழே வைத்துவிடுவாள்.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் பெற்றோருக்கு நடத்திய முதலுதவிப் பயிற்சிக்கு இருவரும் போனார்கள். சத்தமாக இருமினால் காற்று போகிறது, கை வைக்காதே. சத்தம் அடங்கினால்தான் ஆபத்து, முதுகில் தட்டு, 108-க்குப் போன் போடச் சொல். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதே. ராம்கி எல்லாவற்றையும் ஒப்பிப்பான். ஆனால் வீட்டில் பிள்ளை லேசாக இருமினாலும் அவன் கை உச்சந்தலைக்கே போகும். "படிச்சது மண்டையில இருக்கு, கை பழசுலயே இருக்கு" என்கிறாள் இவள். மொட்டை போட்ட அன்றிலிருந்து பிள்ளையை அவனிடம் தனியாக விட்டதே இல்லை. வெளியூர் மணப்பெண்களுக்கு அளவெடுக்கப் போவதையும் விட்டுவிட்டாள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தால்கூட இடது இடுப்பில் பிள்ளை, முழங்கையால் குழாயைத் திருகி ஒற்றைக் கைக் கழுவல்.

ராம்கி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். டீக்கடையில் என்னிடம் பொரிந்து தள்ளினான். "என்னைய நம்பி ஊரான் வீட்டுப் பீரோவ ஏத்திவிடுறாகண்ணே. எம்புள்ளைய எங்கிட்ட விட மாட்டேங்கிறா." உள்ளங்கையைக் காட்டினான். ஜரிகை கீறிய கோடுகள், சில புதிது. அவள் இல்லாத நேரத்தில் பொம்மையை இறக்கித் தட்டிப் பழகுகிறான் போலிருக்கிறது. எனக்குப் பாவமாக இருந்தது.

போன மாதம் எழுமலையில் அவர்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பத்திரிகை வைத்திருந்ததால் நானும் போனேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் பாண்டிமீனா, நடுவில் பிள்ளை, அந்தப் பக்கம் ராம்கி. பிள்ளை அப்பளத்தைக் கடித்தது; இருமத் தொடங்கியது. "ஆத்தி, அம்மாச்சி நினைக்குது!" என்று ராம்கிக்கு அடுத்த இலையிலிருந்து அவன் அத்தை சீனியம்மாள் கையை நீட்டினாள். ராம்கியின் இடது கையும் மேலே போய்விட்டது. பாண்டிமீனா பாதி எழுந்துவிட்டாள்.

பிள்ளையின் தலைக்கு மேலே போன அந்தக் கை நின்றது. பிறகு சீனியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருங்கத்தே. சத்தம் வருதுல்ல? இருமட்டும்."

குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டான். "இருமு தாயி. நல்லா இருமு." அத்தையின் மணிக்கட்டை விட்ட இடது கையைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் விரித்தபடி வைத்திருந்தான், தொடவில்லை. பிள்ளை இருமி இருமி, அப்பளத் துணுக்கு இலையில் விழுந்தது. "இன்னொண்ணு" என்று கேட்டது. ராம்கி அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் ஊறப்போட்டான்.

பாண்டிமீனா உட்கார்ந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு, இலையை மடித்து எழுந்தாள். தூக்கிக்கொள்ளச் சொல்லிப் பிள்ளை கை நீட்டியது. "அப்பாகூட இரு" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்து, இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்து, நிதானமாகக் கழுவினாள்.