மூடாத பள்ளிக்கூடத்தின் முன் மேசை

பள்ளிக்கூடக் கந்தோரின், அதுதான் அலுவலகத்தின், முன் மேசையில் இருப்பவளுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. ஆனால் ஊரில் உள்ள கோபம் முழுக்க முதலில் வந்து இறங்குவது அந்த மேசையில்தான். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், நோபல் பார்க் என்ற புறநகர்ப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷமாக அந்த மேசை என்னுடையது. ரெலிபோன் எடுப்பது, மூக்கில் இரத்தம் வந்த பிள்ளையைக் கதிரையில் இருத்துவது, புதுப் பிள்ளைகளைப் பதிவது, பள்ளிக்கூடக் கவுன்சில் கூடினால் குறிப்பெடுப்பது எல்லாம் நான்தான். என் வேலை ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கப்படுவது. மேலே இருப்பவர்கள் எடுத்த முடிவுக்குக் கீழே இருப்பவர்களிடம் ஏச்சு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், இப்படிப் பக்கத்தில் இருங்கள்.

தலை எண்ணும் நாள்

பெப்ரவரி கடைசியில் ஒருநாள் எங்கள் பிள்ளைகளை எண்ணுவார்கள். அன்றைக்குப் பதிவில் எத்தனை பேரோ, அதை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கான பணம். பெரிய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிள்ளைகள் கூடினாலென்ன, குறைந்தாலென்ன. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால், வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ரீச்சர் கிழமையில் ஒரு காலைப்பொழுது கூடுதலாக வருவாரா இல்லையா என்ற கணக்கு.

அந்த வருஷம் ரவி என்றொரு தகப்பன் இரண்டு மகள்மாரைச் சேர்க்க வந்தார். அகதியாகப் படகில் வந்து, முதலில் ஒரு தீவில் அடைபட்டிருந்தவர், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தற்காலிக விசா. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர் திரும்பி வரவில்லை. எண்ணும் நாளுக்கு முதல்நாள் நாலாம் தரம் போன் எடுத்தேன். "அக்கா, விசாக் கடதாசி கேட்டுக் கிடக்கு. குடுத்தால் அது எங்கயெங்க போகுமோ தெரியாது. பிள்ளையள் கொஞ்ச நாள் வீட்டில இருக்கட்டும்" என்றார். "தம்பி, அது பள்ளிக்கூடப் பதிவுக்கு மட்டும்தான். நாளைக்கு உங்கட ரெண்டு பிள்ளையளையும் எண்ணினால் அவைக்கு உதவிக்கு ரீச்சர் வருவா. எண்ணாட்டி வரமாட்டா" என்றேன்.

அடுத்தநாள் மணி அடிக்க முன்னமே மூன்று பேரும் வந்து நின்றார்கள். பிள்ளைகளின் காலில் புதுச் சப்பாத்து. ரவி நின்றபடியே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, முகாமில எண்ணினாங்கள், படகில ஏத்தேக்க எண்ணினாங்கள், தீவில இறக்கிப்போட்டு எண்ணினாங்கள். எண்ணினதால எங்களுக்கு ஒரு ரீச்சர் வாறா எண்டு இப்பதான் கேள்விப்படுறன்."

இருபத்தெட்டுப் பக்கம்

பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த சின்னச் சபைதான் கவுன்சில். பள்ளிக்கூடத்தின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் அவர்கள்தான் ஒப்புதல் தரவேண்டும். தலைவர் ட்ரெவர், மின்சார வேலை செய்பவர், நல்ல மனுஷன். ஆனால் பெற்றோருக்கான ஒரு கதிரை இரண்டு வருஷமாக வெறுமனே கிடந்தது. வாசலில் சுகந்தியை மறித்தேன். டண்டினோங்கில் கோழித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை செய்துவிட்டு, பின்னேரம் மகனைக் கூட்டிப்போக வருபவள். "எனக்கு இங்கிலீசு வடிவா வராது அக்கா" என்றாள். "கேள்வி கேக்கத் தெரியுந்தானே, அது காணும்" என்றேன்.

முதல் கூட்டத்தில் அவள் கையில் இருபத்தெட்டுப் பக்கக் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். இலக்கு, துணை இலக்கு, அளவுகோல், மீளாய்வு, நடுவில் பெரிய எழுத்தில் சுருக்கப் பெயர்கள். ஒன்றரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். முடிவில் ட்ரெவர் மரியாதைக்கு, "புது உறுப்பினருக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்றார். சுகந்தி கட்டை முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு தரம் புரட்டினாள். பிறகு தன் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டாள். பள்ளிக்கூடத்தின் அதிபர் ஹெலன் தன் பிரதியைப் புரட்டத் தொடங்கினார், தேடுபவர் போல. நான் கேள்வியை அப்படியே குறிப்பில் எழுதினேன்: "இதில பிள்ளையளைப் பற்றி எந்தப் பக்கத்தில கிடக்கு?"

சிவப்பு

நாடு முழுக்க நடக்கும் சோதனையின் முடிவுகள் இணையத்தில் வரும். நல்லது பச்சை, கூடாதது சிவப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தின் பக்கத்தைத் திறந்தால் தக்காளித் தோட்டம். அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒருநாள் குமார் வந்தார். சென்னையில் இருந்து வந்த கணினி எஞ்சினியர், மகள் மூன்றாம் வகுப்பு.

"தப்பா நினைக்காதீங்க மேடம். பொண்ணை வேற ஸ்கூல்ல போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அந்தத் தாளை என் மேசையில் விரித்து வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இந்தச் சோதனை எழுதின பிள்ளையளில கனபேர் இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகேல்லை, சேர். ஒரு எழுத்தும் தெரியாமல் வந்த பிள்ளை இப்ப ஒரு பந்தி வாசிக்குது. அதுக்கு இந்தத் தாளில நிறமில்லை" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், மாற்றல் படிவத்தில் கையெழுத்திட்டார். நானும் முத்திரை குத்திக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? தகப்பன் தகப்பன்தான்.

பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணை நடுவில் போன் வந்தது. குரலைக் கேட்டதும் குமார் என்று தெரிந்துவிட்டது. இடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: "மார்க் எல்லாம் நல்லாத்தான் வருது மேடம். பொண்ணுதான் வீட்ல பேச மாட்டேங்கிறா."

ஒரு சொல்லின் தமிழ்

இப்போது வருத்தமான இடத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பணம் தரும் நகரத்துக் கந்தோரை நாங்கள் மேலிடம் என்போம். அங்கிருந்து ஒரு அம்மா படம் காட்டும் கருவியோடு வந்தார். பெற்றோர் எல்லாரையும் மண்டபத்துக்கு அழைத்திருந்தார்கள். எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கூடத்தைப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தோடு "ஒருங்கிணைக்க" யோசிக்கிறார்களாம். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லையாம். கருத்துக் கேட்க மட்டும் வந்தாராம். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தின் புது வகுப்பறைகளைத் திரையில் காட்டினார். வடிவாகத்தான் இருந்தன.

தமிழ்த் தாய் தகப்பன்மாருக்கு மொழிபெயர்க்க என்னை நிறுத்தியிருந்தார்கள். மண்டபத்தின் மறுபக்கத்தில் வியட்நாம்காரருக்கு, வகுப்பறை உதவியாளர் லான். அந்த அம்மா ஒரு வசனம் சொல்லி நிறுத்துவார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொல்லுவோம். "ஒருங்கிணைத்தல்" என்ற சொல் எனக்குத் தெரியாதென்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் ரவி இருந்தார், மடியில் இளைய மகள். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "எங்கட பள்ளிக்கூடத்தை மூடப்போகினமாம்."

மண்டபம் இரைந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீங்கள் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?" "மூடுவது என்று சொன்னேன்." "நான் அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லையே." "நீங்கள் பாவிக்கவில்லை. வாசலில் பூட்டு விழுந்தால் அதற்குத் தமிழில் அதுதான் சொல்" என்றேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? அப்போது மறுபக்கத்தில் லான் மெல்லக் கையை உயர்த்தினாள். ஆறு வருஷத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவளில்லை. எழுந்து நின்று சொன்னாள்: "நானும் அதையேதான் சொன்னேன்."

கோப்பில் போடும் கடிதம்

மூன்றாம் நாள் ஹெலன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேலிடத்தில் இருந்து முறைப்பாடு வந்திருந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்கள் நடுநிலையோடு நடக்கவேண்டும் என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதிபர் என்ற முறையில் அதை வாசித்துக் காட்டவேண்டியது அவருடைய கடமை. வாசித்தார். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்பது இருவருக்கும் தெரியும். வீட்டுக் கடனும் பல்கலைக்கழகம் போகும் மகளும் என் கண் முன்னால் வந்து போனார்கள். "நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஹெலன்" என்றேன். "இந்தக் கடிதத்தில் அப்படி ஒன்றும் கேட்கவில்லை" என்றார்.

கையெழுத்து வைத்தேன். அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டு பேனையைத் திறந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை: "அந்தத் தமிழ்ச் சொல்லை எப்படி எழுதுவது என்று சொல்லு, வாசுகி. கோப்பில் பிழையாக இருக்கக்கூடாது."

பதினைந்து நிமிஷ நடை

மேலிடத்தின் அறிக்கையில் ஒரு வசனம்: பெரிய பள்ளிக்கூடம் எங்கள் வாசலில் இருந்து பதினைந்து நிமிஷ நடைதூரம். கவுன்சில் கூட்டத்தில் சுகந்தி அந்த வரியில் விரலை வைத்தாள். "ஆர் நடந்து பாத்தது?" என்று கேட்டாள். ஒருவரும் நடந்து பார்க்கவில்லை. அப்போ நடப்போம் என்றாள். மேலிடத்து அம்மாவையும் வரச்சொல்லிக் கவுன்சில் பெயரில் கடிதம் போகவேண்டும் என்றாள். ட்ரெவர் கையெழுத்து வைத்தார். என்னை எதிலும் சேர்க்கவில்லை. "நீங்கள் மேசையில இருங்கோ அக்கா, உங்களுக்கு ஒரு கடிதம் காணும்" என்று விட்டாள். நடக்கும் நாளில் நான் லீவு எடுத்தேன். லீவு நாளில் நான் எங்கே நடந்தால் ஆருக்கென்ன?

அந்த அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். யூலை மாதம் இங்கே குளிர்காலம், தூறல் வேறு. நாற்பது ஐம்பது பேர், கைப்பிள்ளைகளை வைத்துத் தள்ளும் வண்டிகள், மழைச்சட்டை போட்ட சின்னதுகள். முதல் பாதி நன்றாகவே போனது. பிறகு பெரிய வீதி வந்தது: இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை, லொறிகள். பச்சை விளக்கு விழுந்தால் சின்னக் கால்கள் நடுத்திட்டு வரைக்கும்தான் போகும். அங்கே நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருக்கவேண்டும். எல்லாரும் ஒரேயடியாக அந்தத் திட்டில் நிற்க இடமில்லை. மூன்று தவணையாகக் கடந்தோம். ரவியின் இளைய மகள் பயத்தில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள். யாருடைய கை என்று பார்த்துப் பிடிக்கும் வயதா அது? லொறி ஒன்று தண்ணீரை வாரி அடித்ததில் இருவரும் நனைந்தார்கள். போய்ச் சேர முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் நின்று அந்த அம்மா ஈரமான மணிக்கூட்டைத் துடைத்துப் பார்த்தார். பிள்ளையின் கையை இன்னும் விடவில்லை. பிறகு ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்: "வரைபடத்தில் அந்த வீதி இவ்வளவு அகலமில்லை."

முடிவு வந்த நாள்

நாலாம் தவணையில் கடிதம் வந்தது. மூடுவதில்லை. பெரிய வெற்றி என்று துள்ளவேண்டாம். அடுத்த பந்தியையும் வாசிக்கவேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகு திரும்பவும் பார்ப்பார்களாம். அதுவரை நூலகம் கிழமையில் இரண்டு நாள்தான். ஐந்தாம் ஆறாம் வகுப்புகள் ஒரே அறையில். என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், ஐந்து நாளுக்குப் பதிலாக நாலு நாளுக்கு. காரணம் கேட்டேன், சின்னப் பள்ளிக்கூடம் என்றார்கள்.

நான் கடிதத்தைத் தமிழில் சொல்ல, சுகந்தி வாசல் மதிலில் சாய்ந்து நின்று கேட்டாள். தொழிற்சாலைச் சப்பாத்துக்கூடக் கழற்றியிருக்கவில்லை. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். மகனின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "மூண்டு வருஷத்தில இவன் ஹைஸ்கூல் போயிடுவான் அக்கா. பரவாயில்லை, நான் கவுன்சிலை விட்டுப் போகமாட்டன்."

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்துவது மேலிடம்தான், சந்தேகமேயில்லை. மூடவிடாமல் பார்க்கும் சின்ன வேலையை மட்டும் சம்பளம் கேட்காத ஏழெட்டுப் பேரிடம் விட்டிருக்கிறார்கள்.