துஷ்யந்தியும் ரோசலின் அக்காவின் வலது கையும்

துஷ்யந்திக்குக் கோபம் வந்தால் அவளிடமிருந்து சத்தம் வராது. கையில் எது இருக்கிறதோ அது சத்தம் போடும். அன்று கையில் இருந்தது சாப்பாட்டுப் பெட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதை மேசையில் வைத்த வேகத்தில் மூடி தெறித்து என் காலடியில் விழுந்தது.

"யார் மேல?" என்று கேட்டேன்.

"எல்லார் மேலயும்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் வெளிநாடுகளில் பல வருஷம் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், ருவான்வெல்லையில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பத்துப் பெண். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நோயாளியாகப் போனார்கள், இல்லையென்றால் கூட்டிப் பெருக்கப் போனார்கள். இவள் தொழில்சார் சிகிச்சையாளராகப் போனாள். நோயிலோ விபத்திலோ கை கால் விழுந்தவர்களை மறுபடியும் குளிக்க, உடுத்த, சமைக்க, தங்கள் வேலையைச் செய்யப் பழக்குகிற வேலை. லயத்தில் யாருக்கும் இது விளங்கவில்லை. "சீக்காளிக்கு ஊசி போட மாட்டியாம், மருந்தும் குடுக்க மாட்டியாம், அப்புறம் எதுக்குடி சம்பளம்?" என்று அவள் சித்தியே கேட்டிருக்கிறாள்.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம். அன்றைய கோபத்துக்குக் காரணம் ரோசலின் என்ற பால் வெட்டும் பெண். வயது ஐம்பதைத் தொடவில்லை. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டு வார்டில் கிடந்தவர். துஷ்யந்தி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கி, வீட்டுக்கு அனுப்பும்போது அந்தக் கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தது. மருமகள் ரோஷானியை அழைத்து, வீட்டில் என்னென்ன செய்ய விட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்: பாத்திரம் கழுவ, தேங்காய் துருவ, துணி பிழிய.

கிளினிக்குக்கு அவர் திரும்பி வந்தபோது கை நெஞ்சோடு மடங்கிப்போயிருந்தது. விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன.

"சொன்னதெல்லாம் செய்றாங்களா?"

"செய்றாங்க மிஸ்," என்றாள் ரோஷானி, தரையைப் பார்த்தபடி.

பொய் என்று துஷ்யந்திக்குத் தெரிந்தது. மேலதிகாரிக்கும் தெரிந்தது. அவர் ரோஷானியின் காதில் விழும்படியே சிங்களத்தில் சொன்னார்: "வத்தே மினிஸ்சு கிவ்வட்ட அஹன்னே நே." தோட்டத்து ஆட்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். அடுத்த தடவையும் இப்படியே வந்தால் சிகிச்சையை முடித்துவிடலாம், வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். தன் பக்கத்தில் நிற்பவளும் ஒரு 'வத்தே' ஆள் என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. அல்லது இருந்தது.

"அவர் மேல கோபம் சரி," என்றேன். "ரோஷானி மேல எதுக்கு?"

"கை செத்துக்கிட்டு இருக்கு. அவ சும்மா பாத்துக்கிட்டு இருக்கா."

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சொந்தக் காசில் பஸ் ஏறினாள். நானும் போனேன்.

ரோசலின் அக்காவின் லயத்தில் அறைகளுக்கு முன்னால் நீளமாக ஓடும் இஸ்தோப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதில் ரோசலின் அக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே முக்காலியில் ரோஷானி, கரண்டியால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலை வாரி, பின்னி, முகத்துக்குப் பவுடரும் போட்டு விட்டிருந்தாள்.

"என்ன ரோஷானி இது? கையைப் பழக்கச் சொன்னா, ஊட்டி விட்டுக்கிட்டு இருக்கீங்க?"

ரோஷானி கரண்டியைத் தட்டில் எறிந்தாள்.

"நீங்க சொல்லிட்டுப் போயிருவீங்க மிஸ். நான் இங்க இருக்கணும். தண்ணி பிடிக்கற பீலியில ரெண்டு கோப்பையைக் கழுவ விட்டேன். அவ்வளவுதான். சுப்பம்மாக்கா அங்க நின்னு கத்துறாங்க, 'சீக்காளின்னும் பாக்காம மாமியார்கிட்ட வேல வாங்குறாளே, பாவி'ன்னு. அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கொழும்புல இருக்கற எம் புருஷனுக்குப் போன் போயிருச்சு. அவரு என்னைய என்ன பேசினாருன்னு உங்ககிட்ட சொல்லவா?"

"அப்ப உள்ள வச்சாவது…"

"உள்ள வச்சுப் பழக்கினா, வெளிய ஊட்டுறதக் காணோமே, பட்டினி போடுறான்னு சொல்லுவாங்க!"

மூன்றாவது அறை வாசலில் சுளகோடு உட்கார்ந்திருந்த சுப்பம்மா, தன்னைப் பற்றிப் பேசவில்லை என்பதுபோல அரிசியைப் புடைத்தார்.

 துஷ்யந்தியின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் நொறுநொறுவென்று நசுங்கியது. அவளுக்குப் படிப்பித்த பாடத்தில் மூன்று வட்டங்கள் உண்டு. ஆள், இடம், செய்யும் காரியம். மூன்றும் பொருந்துகிற இடத்தில்தான் ஒரு மனிதர் நன்றாக வாழ முடியும். பரீட்சையில் இதை அழகாக வரைந்தவள் அவள். அப்படிப்பட்டவள், லயத்தில் பிறந்து வளர்ந்தவள், மருமகள் இருக்கிற வீட்டில் மாமியாருக்குப் பாத்திரம் கழுவுவதைச் சிகிச்சையாகக் கொடுத்திருந்தாள். புத்தகத்தில் இருந்த சமையலறையில் மருமகள் இல்லை. பீலியில் சுப்பம்மாவும் இல்லை.

"என்னைய…" என்றார் ரோசலின் அக்கா.

எல்லோரும் திரும்பினோம். பேச்சு மெதுவாக வந்ததால் அவரிடம் யாரும் அதிகம் பேசுவதில்லை. வார்டிலும் அப்படித்தான். எதைத் திரும்பச் செய்ய ஆசை என்று நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டும். நோயாளிகளின் வரிசை நீளமாக இருந்ததால் அந்தப் பதிலையும் ரோஷானியிடமே கேட்டு வாங்கியிருந்தாள் துஷ்யந்தி.

"என்னைய… ஒருத்தராவது… கேட்டீங்களா?"

துஷ்யந்தி தரையில் உட்கார்ந்தாள். "இப்பக் கேக்குறேன் அக்கா. என்ன செய்யணும்?"

பதில் வர நேரம் எடுத்தது. ரோஷானி எடுத்துச் சொல்ல வாய் திறந்தாள். துஷ்யந்தி கையைக் காட்டித் தடுத்தாள்.

"எம் மரம்… எம் பேருல இருக்கற மரம். மழைக்கு முன்ன… வேற ஆளுக்குப் பதிஞ்சு… குடுக்கப் போறாங்க. அது இல்லாட்டி… நான் இங்க யாரு? பவுடர் போட்ட… பொம்மை."

மறுநாளிலிருந்து, துஷ்யந்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் விடியற்காலையில், சிகிச்சை ரப்பர் மலைக்குப் போனது. பால் வெட்டும் முன்பு, முந்திய வெட்டில் நாடாவாகக் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும். நகத்தால் நுனியைக் கிளப்பி, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுக்க வேண்டும். சின்ன வயதில் துஷ்யந்தி அம்மாவோடு போய் உரித்த வேலை அது. சுருண்ட விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி ஆஸ்பத்திரி அலமாரியில் இல்லை என்றாள். ரோசலின் அக்காவின் மரங்களில் தற்காலிகமாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தன் வேலையில் கொஞ்சம் மிச்சம் என்று பேசாமல் இருந்தார்.

சுப்பம்மா பேசாமல் இருக்கவில்லை. "அடி ரோஷானி! இப்ப மலைக்கே இழுத்துட்டுப் போறியா?"

ரோசலின் அக்கா நின்றார். "எம் மரத்துக்கு… நான் போறேன். நீ… அரிசியப் பாரு."

அன்று கொழும்புக்கு யாரும் போன் பண்ணவில்லை. மருமகளைப் பற்றிச் சொல்ல அதில் ஒன்றும் இருக்கவில்லை.

வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் பிரதீபன் ஒருநாள் பிடித்துக்கொண்டார். "வேலைக்கு வராதவங்க மரத்துல கை வைக்கப்படாது. விழுந்து கிடந்தா தொரைக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"வேலைக்கு வரத்தான் கை வைக்கிறாங்க," என்றாள் துஷ்யந்தி.

"அப்ப எனக்கு முன்னால ஒரு மரத்துல பால் வெட்டிக் காட்டச் சொல்லுங்க. மரத்துல காயம் பட்டுச்சுன்னா அதோட சரி. நானே இன்னொரு ஆளுக்கு எழுதிருவேன்."

மழை நெருங்கிய ஒரு விடியற்காலை. ரோசலின் அக்காவின் வலது கை கத்தியைப் பிடித்தது, இடது கை அதைத் தாங்கியது. பட்டை முதலில் மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது, பிறகு கொஞ்சம் தடித்தது. ரோஷானி வாயைப் பொத்திக்கொண்டாள். கோடு நெளிந்தது. ஆனால் கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டையைத் தொடவில்லை. வெள்ளையாகப் பால் கசிந்து, கோட்டில் ஓடி, சிரட்டையில் சொட்டியது.

பிரதீபன் டோர்ச்சை அடித்துப் பார்த்தார். "காயம் இல்ல. ஆனா ஒரு மரத்துக்கே இவ்வளவு நேரமா? சரி, போதும், கத்தியக் குடுங்க."

கை விடவில்லை. பக்கவாதம் வந்த கைக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். விரல்கள் கத்தியின் பிடியைச் சுற்றி இறுகிப்போய்விட்டன. பிரதீபன் கத்தியைப் பிடித்து இழுத்தார்.

"இழுக்காதீங்க!"

துஷ்யந்தி இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மலை முழுக்கக் கேட்டிருக்கும். "யாரும் தொடாதீங்க. ஊட்டவும் வேணாம், புடுங்கவும் வேணாம். அவங்களே விடுவாங்க. கொஞ்சம் பொறுத்தா என்ன? நில்லுங்க!"

பிரதீபன் நின்றார். ரோசலின் அக்கா துஷ்யந்தி பழக்கியிருந்தபடியே மணிக்கட்டை மெதுவாகக் கீழே வளைத்தார். மூச்சை விட்டார். சுண்டு விரல் தளர்ந்தது. பிறகு அடுத்தது. கடைசியில் கட்டை விரல். கத்தியை இடது கையில் வாங்கி, வாளிக்குள் தானே போட்டார்.

பிரதீபன் டோர்ச்சை அணைத்தார். "முழுசாத் தர ஏலாது. பாதி மரம் தர்றேன். மழை முடிய மத்ததைப் பாப்போம்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். துஷ்யந்தி என் காலை மிதித்தாள்.

"எந்தப் பாதி?" என்று கேட்டார் ரோசலின் அக்கா.

"என்ன?"

"மேல் பாதிக்கு… இந்தக் கால் ஏறாது. கீழ… ரோட்டோரம் இருக்கற பாதி… எழுதுங்க."

ரோசலின் அக்கா அடுத்த மரத்துக்கு நடந்தார். ரோஷானி வாளியைத் தூக்கினாள்; அதைத் தன்னிடம் தரச் சொல்லி வலது கையை நீட்டினார்.