அம்மாவைத் திருப்பித் தந்த ஒரு நிமிட அமைதி

அம்மாவின் பையைத் திறந்தபோது வாழைப்பழம் அப்படியே இருந்தது. இரண்டு துண்டு ரொட்டியைச் சுற்றிய காகிதமும் பிரிக்காமல் இருந்தது. அன்று காலை நான்கு மணிக்கு நான் என் கையால் கொடுத்தவை அவை. கூடவே கொடுத்த சர்க்கரை மாத்திரையை மட்டும் அம்மா என் கண் முன்னால் விழுங்கியிருந்தார். அதன் பிறகு பத்து கிலோமீட்டருக்கும் குறையாமல் ஓடியிருக்க வேண்டும்.

மணி எட்டு ஐந்து. அம்மாவைக் காணவில்லை.

அன்பானவர்களே, நம் தேவாலயப் பங்கில் பலருக்கு என் அம்மா செசிலியைத் தெரியும். எனக்கு இப்படி எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் வைத்திருப்பது தவறு என்று மனம் உறுத்துவதால் எழுதுகிறேன்.

என் பெயர் ஷீலா. காரைக்காலில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் காட்டும் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலை. பட்டியல் போடாமல் நான் எதையும் செய்வதில்லை. கடைக்குப் போனாலும் பட்டியல், ஊருக்குப் போனாலும் பட்டியல். கோவிலுக்கு வருவதும் அந்த நாட்களில் பட்டியலில் ஒரு வரியாகத்தான் இருந்தது. அம்மா மனம் நோகக் கூடாது என்று வருவேன், உட்காருவேன், போவேன். செபம் என்று ஒன்றை மனதாரச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை ஏறிப்போய், நடக்கச் சொல்லி டாக்டர் கண்டித்தார். நான்தான் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனேன். முதலில் நடை. பிறகு நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஒரு வருடத்தில் அம்மா பதினெட்டு கிலோமீட்டர் வரை போய்விட்டார். நீண்ட ஓட்டம் எப்போதும் சனிக்கிழமைதான். ஞாயிறு காலை பூசை இருக்கிறதே. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, மாத்திரை. ஓட்டம் முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் இறங்குவார். கணுக்கால் நனையும் வரை அலையில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். "கால் நனைஞ்சாத்தான்டி ஓட்டம் முடிஞ்சுது" என்பார். எத்தனை அவசரமானாலும் இதை விட்டதில்லை.

சென்னைக்கு வெளியே ஒரு தீம் பார்க்கில் அரை மராத்தான் நடக்கிறது என்று நான்தான் பெயர் கொடுத்தேன். இருபத்தொரு கிலோமீட்டரும் பார்க்கின் உள்ளேயும் அதைச் சுற்றியும்தான். ஓடி முடித்தவர்கள் அன்று முழுவதும் எல்லா ராட்டினத்திலும் ஏறிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு இஷ்டமில்லை. "இந்த வயசுல அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஓடப்போறாளா உங்கம்மா?" என்றார்.

"சுடிதார்லதாங்க ஓடுவேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் அம்மா. என்னிடம் தனியாக, "எனக்கு அந்த மெடல் எல்லாம் வேணாம்டி. ராட்டினத்துக்காகத்தான் வர்றேன்" என்று சிரித்தார்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பட்டியலில் இருபத்தாறு வரிகள் இருந்தன. 'பூசை: மாலை, ஊருக்குத் திரும்பும் முன்' என்பதும் அதில் ஒன்று. அம்மாவிடம் கேட்டு எழுதியது அல்ல, நானாக எழுதியது.

சனிக்கிழமை மாலை லாட்ஜில் இறங்கினோம். எதிரே ஒரு கோவில். வாசலில் இருந்த பலகையை அம்மா நின்று படித்தார். ஞாயிறு பூசை காலை பத்தரை மணி. நான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்ன யோசிக்கிறார் என்று கேட்கவில்லை.

பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன்னால் நடுநிசியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அம்மா பிறந்த வீட்டுப் பழக்கம். இப்போது ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், நோயாளிகளுக்கு அதுவும் கட்டாயமில்லை என்று நமக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அவர் மனம் ஏற்கவில்லை. ஊரில் ஞாயிறு காலை அம்மா மாத்திரையைத் தள்ளிப்போட்டு, பூசை முடிந்து வந்துதான் இட்லியோடு போடுவாராம். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

அன்று காலை நான் மாத்திரையை நீட்டினேன், விழுங்கிவிட்டார். பழத்தையும் ரொட்டியையும் நீட்டினேன். "வை, சாப்பிடுறேன்" என்றார். பிறகு, "ரெண்டு பேருமா மாதாவுக்கு ஒரு அருள்நிறை சொல்லிட்டுக் கிளம்பலாம், வா பாப்பா" என்றார்.

"நேரமில்லம்மா. நீ சொல்லிக்கோ" என்றேன்.

அந்த ஒரு நிமிடம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லியிருப்பார், பத்தரை மணிப் பூசை வரை சாப்பிடப்போவதில்லை என்பதை. அம்மா எல்லாவற்றையும் செபத்தில்தான் சொல்வார்.

ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. என் வேகத்துக்கு நான் முன்னால் போய்விட்டேன். சிமெண்ட் டைனோசர்கள், கோட்டை வாசல், ஓடாமல் நின்ற ரயில் ராட்டினம். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, காது கிழியும் பாட்டு. ஏழரைக்கு முன்பே ஓடி முடித்துவிட்டேன்.

ஓடுகிறவர்களின் சட்டையில் குத்திய எண் அட்டையில் ஒரு சிப் இருக்கும். வழியில் தரையில் விரித்திருக்கும் பட்டையை மிதித்தால் நேரம் பதிவாகும். போனில் பார்த்தேன். பத்தாவது கிலோமீட்டரில் அம்மா பதிவாகியிருந்தார். பதினைந்தாவதில் கட்டம் காலி.

இங்கேதான் என் தவறு. சென்சார் விட்டுவிட்டது என்று நினைத்தேன். வேலையில் தினமும் பார்ப்பதுதானே, பத்துக்கு ஒன்று சிக்னல் தராது. அம்மா மெதுவாக வருகிறார், கருவிதான் சரியில்லை என்று முடிவு செய்து, மரத்தடியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்துக்கும் மேல். கருவி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வந்ததும் அம்மாவுக்கு மாற்றுத் துண்டு கொடுக்கலாம் என்று பைகள் வைக்கும் இடத்துக்குப் போனேன். டோக்கன் இரண்டும் என்னிடம்தான். பையைத் திறந்தேன்.

மாத்திரை உள்ளே போயிருக்கிறது. சாப்பாடு போகவில்லை. ஓட்டம் வேறு. சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கும்? பையை அப்படியே போட்டேன்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடினேன். "பச்சை சுடிதார், நரைச்ச கொண்டை, காரைக்கால்லேர்ந்து வந்தவங்க…"

"அந்த அம்மாவா? குளுக்கோஸ் தண்ணி நீட்டுனேன்க்கா. வாங்க மாட்டேன்னுட்டாங்க. 'பூசைக்குப் போவணும்மா, வெறும் தண்ணியே போதும்'னாங்க. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. வெயில்னு நெனச்சேன்."

அந்தக் காலையில் வெயிலே இல்லை.

எங்கே தேடுவது என்று அங்கேயே மனதில் வரிசை போட்டேன். முதலுதவிக் கூடாரம், இல்லை. கழிப்பறைகள், ஒவ்வொரு கதவாகத் தட்டினேன், இல்லை. வழியோர மரத்தடிகள், வாசல் காவலர்கள், வெளியே நிற்கும் பேருந்துகள். இல்லை. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டார்கள். உடனே மறுபடி பாட்டு. அம்மாவின் போனோ என் பையில்தான் இருந்தது. ஓடும்போது கனமாக இருக்கும் என்று நானே வாங்கி வைத்திருந்தேன்.

வரிசை தீர்ந்துவிட்டது. நாற்பது ஏக்கரோ ஐம்பது ஏக்கரோ, நான்கு பக்கமும் பாதைகள். நான் எந்தப் பக்கம் ஓடினாலும் அது தவறான பக்கமாக இருக்கலாம். நான் இழுத்துக்கொண்டு வந்தேன். நான் மாத்திரை கொடுத்தேன். நான் போனை வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் என்ன சொல்வேன்? நடு வழியில் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் செபித்தேன். அழகாக ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணுமே தெரியல. இந்தச் சத்தத்துல யோசிக்கக்கூட முடியல. ஒரு நிமிஷம் அமைதி குடுங்க. எங்கம்மாவக் காட்டுங்க." அவ்வளவுதான். காலையில் மறுத்த அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினேன். பாதிகூட முடியவில்லை.

பாட்டு நின்றது.

எல்லாக் கம்பத்திலும் ஒரே நேரத்தில் நின்றது. காதுக்குள் கூவென்ற ஓசை மட்டும். அது அடங்கியதும், இடது பக்கம், மரங்களுக்குப் பின்னால், மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சத்தம். அலை.

கடல் அங்கே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அது பார்க்கின் அலைக் குளம். பத்து மணிக்குத் திறக்கும் முன்னால் மோட்டாரைப் போட்டுச் சோதிக்கிறார்கள் என்று புரிந்தது. அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது. சர்க்கரை இறங்கினால் மனம் குழம்பும். குழம்பிய மனத்துக்கு ஓட்டம் முடிந்ததாகத் தோன்றியிருக்கும். ஓட்டம் முடிந்தால் அம்மா எங்கே போவார்?

கால் நனைக்கப் போவார்.

வழியை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடினேன். குளத்தின் சரிவில் பிளாஸ்டிக் பாறைகள். அவற்றின் ஓரத்தில் முதலில் ஷூக்களைப் பார்த்தேன். ஜோடியாக, ஒழுங்காக, உள்ளே காலுறை மடித்து வைத்திருந்தது. அதற்கு அப்பால் அம்மா. ஆழமில்லாத தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தார். அலை ஒன்று வந்து முகத்தை மூடிவிட்டுப் போனது. அடுத்தது அதைவிடப் பெரிதாக வந்துகொண்டிருந்தது.

தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கத்தினேன். மோட்டார் அறையிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். "யாரும்மா உள்ள விட்டது?" என்று கோபமாகத் தொடங்கியவர், அம்மாவைப் பார்த்ததும் திரும்பி ஓடி மோட்டாரை நிறுத்தினார். வந்து என்னோடு சேர்ந்து தூக்கினார். "நான் பாக்கலியேம்மா. பாறை மறச்சிருச்சு. மாதாவே… இப்பதாம்மா போட்டேன், ரெண்டு நிமிஷம்கூட ஆவல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் என்ன மதம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் கழுத்தில் இருந்த மாதா சுரூபப் பதக்கத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆம்புலன்ஸில் வந்த செவிலியர் விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தார். முப்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிடத்தில் அம்மா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"மணி என்னடி? பூசை முடிஞ்சிருச்சா?"

நான் அழுதேன். சிரித்தேன் என்றும் சொல்லலாம்.

"குளுக்கோஸ் ஏத்திட்டாங்களா? அப்ப நன்மை வாங்க முடியாதே" என்று அம்மாவும் அழுதார்.

அந்த மாத்திரையால் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும் என்று இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. அம்மா கண் மூடினாலே பயம். அப்பா முதல் பேருந்தைப் பிடித்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டாமல் அம்மாவின் காலை நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதுதான் அதிகம் வலித்தது. மூன்றாம் நாள்தான், அம்மாவுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டே, "ராட்டினம் எப்படிடி இருந்துச்சு?" என்றார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

பாட்டு ஏன் நின்றது என்று பிறகு விசாரித்தேன். என் புத்தி அப்படி. ஒலிபெருக்கிகள் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. அதை நிறுத்திவிட்டு மின் இணைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்ற ஒரு நிமிடம் ஆகியிருக்கிறது. அலைக் குளம் தனி இணைப்பில் இருந்ததால் அது நிற்கவில்லை. காரணம் இதுதான். நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வேலையை ஏழு மணிக்கும் செய்திருக்கலாம், ஒன்பது மணிக்கும் செய்திருக்கலாம். ஏழு மணிக்கு அலை ஓசை இருந்திருக்காது. ஒன்பது மணிக்கு அம்மா இருந்திருக்க மாட்டார். நான் கேட்டது ஒரு நிமிடம். கிடைத்ததும் ஒரு நிமிடம். இதை அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. முழங்கால் போட்டேன்.

ஊருக்கு வந்ததும் பங்குத் தந்தை வீட்டுக்கு வந்தார். "செசிலியம்மா, ஆண்டவரு காஞ்ச வயிறாப் பாத்துத்தான் வருவாரா? இனிமே ஞாயித்துக்கிழமை இட்லி சாப்பிட்டுட்டுத்தான் பூசைக்கு வரணும். இது என் கட்டளை" என்றார்.

"எத்தன இட்லி ஃபாதர்?" என்று கேட்டார் அம்மா.

"ரெண்டு."

"ஒண்ணு போதாதா?" இப்போதும் முழு மனதில்லை. ஆனால் சாப்பிடுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் இன்றும் அந்த இடத்தைவிட்டுப் போய்விடுகிறேன். அம்மா குளியலறையில் ஐந்து நிமிடம் அதிகம் இருந்தால் கதவைத் தட்டுகிறேன். பட்டியலும் போடுகிறேன். ஆனால் பேனாவை எடுக்கும் முன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செபிக்கிறேன். அவர் செபத்தில் சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறேன். கால் வலி, அப்பாவின் இருமல், எனக்கு வரன், எல்லாம் அதில் இருக்கும். ஒரே வீட்டில் இத்தனை நாள் எனக்குத் தெரியாத அம்மா அங்கே இருக்கிறார்.

உங்களில் யாராவது எல்லா வழியும் தீர்ந்து நடு வழியில் நிற்கலாம். செபிக்கத் தெரியவில்லை, பழக்கம் விட்டுப்போயிற்று என்று தயங்கலாம். நானும் அப்படித்தான் நின்றேன். பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். ஒரு நிமிடம் கேளுங்கள். அந்த நிமிடத்தில் பேசாமல் நின்று கேளுங்கள்.

போன சனிக்கிழமை அம்மாவை மறுபடியும் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போனேன். இரண்டு கிலோமீட்டர், வெறும் நடை. முடிந்ததும் அம்மா ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். அவர் தண்ணீரில் இறங்கும் முன்னால் நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி, இது நம்ம கடல்" என்றார்.

விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கால் நனைத்தோம். அன்று காலை நேரமில்லை என்று நான் மறுத்த அருள்நிறையை அங்கே நின்று முழுதாகச் சொல்லி முடித்தோம்.