கேட்காமல் வந்த விடைத்தாள்

லண்டனில் நான் பொறியியல் படித்த பல்கலைக்கழகத்தில், தேர்வு மண்டபத்தைக் கண்காணிக்க யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் வருவார். குள்ளமான உருவம், நரைத்த கொண்டை. மரத்தரையில் ஓசை எழக் கூடாதென்று சப்பாத்துக்கு மேல் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டுதான் நடப்பார். என் பெயரைத் தடுமாறாமல் வாசிப்பவர் அங்கே அவர் ஒருவர்தான்.

வெப்பவியக்கவியல் தேர்வன்று, அரை மணி நேரத்துக்குள் பக்கத்து மேசைக்காரனுக்குக் கூடுதல் விடைத்தாள் வந்தது. என் தாளில் தேர்வு எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. நூறாண்டுக்கு முன் அங்கே பாடம் நடத்திய தாடிக்காரப் பேராசிரியர்கள் சுவர்ப் படங்களிலிருந்து என்னையே முறைத்தார்கள். எழுந்து போய்விடலாமென்று பேனாவை மூடினேன். அப்போது அந்த அம்மையார் வந்து என் மேசையிலும் ஒரு கூடுதல் தாளை வைத்துவிட்டுப் போனார். நான் கையே தூக்கவில்லை. பக்கத்து மேசைக்காரன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே எழுதத் தொடங்கினேன்.

தேர்வு முடிந்து வாசலில் அவரிடம் கேட்டேன்: "நான் தாள் கேக்கவே இல்லையே, ஆன்ட்டி?"

"ஓம் தம்பி, கேக்கேல்லைத்தான். வெறுந்தாளோட இருக்கிறதை மற்றவை பாக்கினம் எண்ட கூச்சத்திலயே பிள்ளையளுக்கு எழுத ஏலாமல் போகுது. முதல் தாளை முடிச்சிட்டீர் எண்டு அவை நினைக்கட்டுமே."

நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து மேசைக்காரனும் கை தூக்கவில்லை என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.