முதல் சாட்சி

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, மைசூரு மண்டி மொஹல்லாவின் குறுகிய சந்து ஒன்றில், ஒரு முற்பகலில் நிகழ்ந்தது இது. அப்போது ஒரு பள்ளியில் வரலாறு கற்பித்துவந்தேன். பாடநூலை ஒப்பிப்பதைவிட, மாணவர்களே வினவித் தேடி உண்மையைக் கண்டடைய வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே எட்டாம் வகுப்பு மாணவியரை இருவர் இருவராகப் பிரித்து, 'இச்சந்தில் மிகப் பழமையான கடை எது? அதை எவ்வாறு அறிந்தீர்கள்?' என்னும் வினாவோடு அனுப்பினேன். ஒருவர் கூற்றை மட்டும் ஏற்கலாகாது, சந்தைத் தாண்டலாகாது, நண்பகலுக்குள் சந்தின் முனையில் நிற்கும் பள்ளிப் பேருந்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

இருவரைத் தவிர எல்லாரும் திரும்பினர். வராதவர்களுள் ஒருத்தி, தமிழக எல்லையை ஒட்டிய ஹனூரிலிருந்து குடிவந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். செவிலியரான அவள் தாய் காலையில், "எங்கியாச்சும் பராக்குப் பாத்துட்டு நின்னுக்குவா சார், பாத்துக்கோங்க" என்று சிரித்தபடி ஒப்படைத்துச் சென்றிருந்தார். நேரம் செல்லச் செல்ல அச்சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

முனையிலிருந்த மிளகாய்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டு ஸ்கூல் பொண்ணுங்கதானே? ஆட்டோல ஏறிப் போயாச்சு சார். நானே பார்த்தேனே!"

யாருடன், எத்திசையில் என்று கேட்கவும் தோன்றவில்லை. எதிர்ப்பட்ட ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டேன்; போகுமிடம் எதுவென எனக்கே தெரியாது. மற்ற மாணவியரைக் காத்து நின்ற சக ஆசிரியை ஓடிவந்து ஆட்டோவின் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"இறங்குங்க சார். காலைல பிள்ளைங்களுக்கு என்ன சொன்னீங்க? ஒரே ஆள் பேச்சை நம்பாதீங்கன்னுதானே?" என்றவர், கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணா, என்ன கலர் யூனிஃபார்ம்?"

"நீலம் மேடம்."

எம் பள்ளிச் சீருடை அரக்கு நிறம். பேருந்தின் சன்னல்தோறும் அந்நிறமே தெரிந்துகொண்டிருந்தது.

சந்துக்குள் விரைந்தோடி ஒவ்வொரு கடையிலும் கேட்டேன். வளையல் விற்ற பெண்மணி எதிரிலிருந்த மாடிப்படியைக் காட்டினார். "ஏறினதைப் பார்த்தேன் சார். இறங்கினதைப் பார்க்கல."

இருண்ட மரப்படிகளில் ஏறினேன்.

மேலே ஒரு தையற்கடை. இருவரும் கையில் தேநீரோடு தரையில் அமர்ந்திருந்தனர். முதிய தையற்காரர் கன்னடத்தில், "பன்னி சார், குத்கொள்ளி" என்று வரவேற்று, உட்காரும்படி நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமல், "மணி என்னாச்சு? ஏன் திரும்பி வரல?" என்று அதட்டினேன்.

ஹனூர்ப் பெண் எழுந்து நின்றாள். "கீழ ரெண்டு கடைக்காரரும் எங்க கடைதான் பழசுன்னு சண்டை போட்டாங்க சார். அதான் மூணாவது ஆளைத் தேடி வந்தமுங்க. நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"ரெண்டு பேரும் புளுகறாங்க சார்!" என்று தையற்காரர் தமிழுக்கு மாறிச் சிரித்தார். "நம்ம அப்பா இங்க மிஷின் போட்டப்போ கீழ வெறும் குதிரைக் கொட்டில்தான்."

அவள் என் காதருகே வந்து, "இதையும் இன்னொருத்தர்கிட்ட கேக்கோணுங்க சார்" என்றாள்.

அச்சம் வந்த கணத்தில் நான் முதல் சாட்சியோடு நின்றுவிட்டேன். அவளோ மூன்றாவதிலும் நிற்கவில்லை. இன்றும் கைப்பேசியில் திடுக்கிடும் செய்தி ஏதேனும் வந்து, அதைப் பிறருக்கு அனுப்ப விரல் நீளும்போதெல்லாம், ஆட்டோவின் கம்பியைப் பற்றிய அந்தக் கை என்னைத் தடுத்து நிறுத்துகிறது.