ஒரு எழுத்துத் திருத்தம்

கணினியில் எதைச் சேமித்தாலும் அக்கா உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்து, சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும். நெய்வேலி டவுன்ஷிப்பில், ஒரு கான்ட்ராக்டருக்காகத் தொழிலாளர் விவரங்களை இணையதளத்தில் பராமரித்த சிறிய அலுவலகம் எங்களுடையது. அக்கா என் சீனியர்.

ஒருநாள் காடாம்புலியூரிலிருந்து சுரங்க வேலைக்கு வரும் அண்ணன் ஒருவர் வியர்வையோடு உள்ளே வந்தார். பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தச் சொல்லியிருந்தார். திருத்தியதிலிருந்து சுரங்கத்துக்குள் போகும் அவருடைய பாஸ் செல்லவில்லை.

"ஒரு எழுத்த மாத்தச் சொன்னா ஆளையே மாத்திட்டீங்களே மேடம். காலையிலேர்ந்து கேட்லயே நின்னுகினு இருக்கேங்க."

திரையில் அவர் இரண்டு பேராக இருந்தார். பழைய பெயரில் பல வருட சர்வீஸ்; புதிய பெயரில், நேற்றுச் சேர்ந்த ஆள்.

ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் எண் உண்டு. திருத்திய படிவத்தோடு அந்த எண்ணும் போனால்தான் பழைய பதிவு மாறும். போகாவிட்டால் புதுப் பதிவு உருவாகிவிடும். யாராவது எண்ணை மாற்றி அடுத்தவர் பதிவில் கைவைத்துவிடுவார்களோ என்று பயந்து, அக்காதான் அதைப் படிவத்திலிருந்து எடுத்திருந்தார். எண்ணை சர்வரிலேயே வைத்துச் சரிபார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அதை மேனேஜர் தள்ளிப்போட்டிருந்தார்.

சர்வீஸ் வருடங்களை வைத்துப் போடும், பர்மனென்ட் வேலைக்கான சீனியாரிட்டி பட்டியல் அன்று மாலை சுரங்க நிர்வாகத்துக்குப் போகவேண்டும்.

"இவர் ஒருத்தர மட்டும் சரி பண்ணிடும்மா. வெளிய தெரிஞ்சா நம்ம கான்ட்ராக்ட் போயிடும்" என்றார் மேனேஜர்.

அக்காவால் உட்கார முடியவில்லை. "திருத்தம் கேட்ட எல்லாருமே இப்படித்தான் சார் ரெண்டாயிருப்பாங்க" என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு நேராகக் கான்ட்ராக்டரிடமே போய், பட்டியலை நிறுத்தச் சொன்னார். பட்டியல் நின்றது. அடுத்த சில நாட்களில் அக்கா படிவத்தைச் சரிசெய்து, இரண்டாய்ப் பிரிந்தவர்களை ஒவ்வொருவராக ஒன்று சேர்த்தார். அந்த மாதத்தோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பட்டியலில் பெயர் வந்ததும் அண்ணன் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்தார்.

"மேடம் இல்லீங்களா?"

சென்னையில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்றேன். அவர் பழத்தை இறக்கி வைக்கவில்லை.

"அப்போ அவங்க சர்வீஸு?"