அசரியா சாரின் மாடிச் சமநிலை

பீர்க்கன்கரணை அசரியா சாருக்கு உலகத்தில் விளங்காத விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை. வேதியியல் ஆசிரியர் என்பதால் அல்ல. லீ சாட்லியர் என்ற பிரெஞ்சுக்காரரைக் கிட்டத்தட்ட சொந்தக்காரராகவே வரித்துக்கொண்டதால். சமநிலையில் இருக்கும் ஒன்றைச் சீண்டினால், அது அந்தச் சீண்டலைத் தணிக்கிற பக்கமாக நகரும். அந்த மனிதர் சொன்னது இவ்வளவுதான். சார் அதை வைத்துக்கொண்டு மின்வெட்டு, மாமியார் வருகை, தாம்பரம் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது வரை முன்கூட்டியே சொல்லிவிடுவார். பலிக்காவிட்டால், "சிஸ்டத்துல எங்கியோ லீக்" என்பார்.

அறையைச் சுத்தம் செய்யச் சொன்னால் என்ட்ரோபியை இழுப்பார்.

"யுனிவர்ஸோட ஒழுங்கின்மை கூடிக்கிட்டேதான் போகும் தபீதா. நாம தடுக்க முடியாது."

"அப்போ உங்க பனியனையும் அந்த யுனிவர்ஸே துவைக்கட்டும்" என்பாள் மனைவி தபீதாள்.

பள்ளி வேலை போக, மாலையில் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் பிளஸ் டூ டியூஷன். அதுதான் அவருடைய ராஜ்ஜியம். 'அசரியா சார் மாடி' என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். மகள் பிளஸ்ஸியும் அங்கேதான் படித்தாள். மாடியில் 'சார்', கீழே இறங்கினால்தான் 'அப்பா' என்பது வீட்டுச் சட்டம்.

பொறியியல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். இனி பிளஸ் டூ மார்க்தான் எல்லாம் என்று ஆன அந்த வருடம், ஜி.எஸ்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் லக்ஷ்மிநாராயணன் என்ற கணக்கு வாத்தியார் ஏசி போட்ட டியூஷன் சென்டர் திறந்தார். மாடியிலிருந்து சிலர் கழன்றுகொண்டார்கள்.

சார் அசரவில்லை. "ஏசி வெறும் கேட்டலிஸ்ட். போறதையும் வர்றதையும் ஒரே மாதிரி வேகப்படுத்தும், அவ்ளோதான். சமநிலையை ஒரு நூல் நகர்த்தாது. எவ்ளோ வேகமா போறாங்களோ அவ்ளோ வேகமா திரும்பி வருவாங்க."

வரவில்லை. மிச்சமிருந்தவர்களை முறுக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார். விடிந்தால் டெஸ்ட், பொழுது சாய்ந்தால் டெஸ்ட், தப்பு விட்டால் பத்து தடவை எழுது. பெஞ்சுகள் மளமளவென்று காலியாயின.

ஒரு மாலை, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ருக்ஸானா கையைத் தூக்கினாள்.

"சார், அம்மோனியா தயாரிக்கிறப்ப பிரஷர் ஏத்தினா எந்தப் பக்கம் போகும்?"

"மூலக்கூறு கம்மியா இருக்கிற பக்கம். நாலு ரெண்டாகும். இதுகூட தெரியாம..."

"தெரியும் சார்." அவள் காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். "சும்மா கேட்டேன்."

பிளஸ்ஸி நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்புறம் சார், ஏசி கேட்டலிஸ்ட் இல்ல. டெம்பரேச்சர். சூடு வெளிய விடுற ரியாக்‌ஷனைக் குளிர வெச்சா முன்னாடி போகும்னு நீங்கதான சொன்னீங்க? நாங்க இந்த ஷீட்டுக்கு அடியில வெந்துகினு இருந்தோம்."

"அப்ப நீ ஏம்மா போகல? சாரு மேல மரியாதையா?"

"எங்கம்மா ரோடு தாண்ட விட மாட்டாங்க சார்."

அன்றிரவு சார் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே டெஸ்ட்டையெல்லாம் ரத்து செய்தார். பெரிய ஃபேன் ஒன்று மாடி ஏறியது. அழுத்தத்தைக் குறைத்தாயிற்று, இனி வினை திரும்ப வேண்டும் என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய பாத்திரத்துக்குத்தான் அந்த விதி என்று வருடா வருடம் போர்டில் அடிக்கோடிட்டவர் அவர்தான். திறந்த சோடா பாட்டிலிலிருந்து போன காற்று திரும்பி உள்ளே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

படிக்கட்டில் ஏறி வந்தது பிளஸ்ஸி.

"சார், நாளையிலேர்ந்து நான் வரல. அங்க சேர்ந்துட்டேன்."

கீழே இறங்கியதும் அப்பாவாகப் பிடித்துத் திட்டலாம் என்றால், சொன்னது சாரிடம், அப்பாவிடம் அல்ல. சாப்பாட்டு நேரத்தில், "அப்பா, இன்னொரு தோசை?" என்று ஒன்றும் நடக்காதது போலக் கேட்டாள் அந்தப் பெண்.

"மாடி காலின்னா சொல்லுங்க. வத்தல் போடணும்" என்றாள் தபீதாள்.

வத்தல் போட்ட வாரமே லக்ஷ்மிநாராயணன் வாசலில் வந்து நின்றார். அவருடைய வேதியியல் வாத்தியார் ஊரப்பாக்கத்தில் சொந்தக் கடை விரித்துவிட்டாராம்.

"ஈக்விலிபிரியம் சேப்டர் அப்படியே நிக்குது சார். பசங்க உங்க பேரைத்தான் சொல்றாங்க. உங்க பொண்ணுதான் அட்ரஸ் குடுத்துச்சு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார் சார். தபீதாள் சலவைச் சட்டையோடு நின்றிருந்தாள்.

சாரே கூட வருகிறார் என்றதும் ருக்ஸானாவின் அம்மாவும் ரோடு தாண்ட அனுமதித்தார். ஏசி ஹாலில் பழைய முகங்கள் எல்லாம் இருந்தன. முதல் வரிசையில் பிளஸ்ஸி.

சார் சாக்பீஸை எடுத்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

"அன்னைக்கே சொன்னேன் இல்ல? போனவங்க எல்லாம் என்கிட்ட திரும்பி வருவாங்கன்னு."

யார் யாரிடம் வந்தது என்று சொல்ல ருக்ஸானா வாயெடுத்தாள். பிளஸ்ஸி அவள் தொடையில் கிள்ளினாள்.

"ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா சார்? குளிருது" என்றாள் பிளஸ்ஸி, பேச்சை மாற்ற.

"கை வெக்காதே. சூடு ஏறினா ரியாக்‌ஷன் பின்னாடி போயிடும்" என்றார் சார், அவசரமாக.

பின்னால் போக மாடியில் இடமும் இல்லை. அங்கே தபீதாளின் வத்தல் பாதி காய்ந்து கிடந்தது.